பறக்குற தொரையின் நிறம்

நண்பர்களே, நம் ஆரம்பப்பள்ளிப் புலனக் குழுவில் போன வாரம் முழுக்க நீங்கள் கைப்பேசியில் போட்ட சண்டையை ஒரு வரி விடாமல் படித்தேன். இப்போது திரைக்கு வந்திருக்கும் படம் உசத்தியா, நாம் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்தது உசத்தியா, அதற்கும் முன்னால் நம் பெற்றோர் காலத்தில் தொலைக்காட்சியில் தொடராக வந்ததுதான் அசலா என்று சண்டை. லோரிக்காரர் மகன்தான் தொடங்கி வைத்தான். நம் காலத்துப் படம்தான் படம், இது வெறும் இருட்டு என்றான். நம் பழைய வகுப்புத் தலைவி, இந்தக் கதாநாயகனுக்குத்தான் மனசு என்று ஒன்று இருக்கிறது என்று எழுதினாள். மற்றவர்கள் சிரிக்கும் பொம்மைகளை அனுப்பினார்கள். கடைசியில் என்னை இழுத்தீர்கள். "எங்கலா நம்ம யுனிவர்சிட்டி? வாயத் தொறந்து ஒரு தீர்ப்பு சொல்றது."

வேலை இருக்கிறது என்று எழுதிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். செரண்டா தொழிற்சாலை அலுவலகத்தில் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். முதலாவதை மட்டும் முதலில் அம்மாவின் வாயால்தான் பார்த்தேன். நமக்கும் முப்பது தாண்டிவிட்டது, காதோரம் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. உங்களில் பாதிப் பேர் அந்தச் சிறுவர் தினத்தன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் பார்த்தது ஒரு பாதி. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கதாநாயகனுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அவர் பறக்குற தொரை. தோட்டத்தில் வெள்ளைத் தோலோடு யார் வந்தாலும் தொரைதான். இவர் பறந்தார். அதனால் பறக்குற தொரை. பகலில் காலுக்குப் போடும் சப்பாத்து விற்கும் ஒரு கடையில் வேலை. யாருக்காவது ஆபத்து என்றால் கடைக்குப் பின்னால் போய் அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இது மூன்று பதிப்புக்கும் பொது. மற்றதெல்லாம் அம்மாவுடையது.

அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்தார். ஆண்கள் குலையை வெட்டித் தள்ளிவிட்டுப் போனதும், சுற்றிலும் சிதறிக் கிடக்கும் பழங்களைக் கூட்டிக் கோணியில் அள்ள வேண்டும். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். அழுகிய பழத்தின் புளித்த வாடை, ஈர மட்டையின் வாடை, அம்மாவின் தலைத்துணியில் ஏறியிருக்கும் கொசுவத்திப் புகை. நகக்கண்ணில் ஒட்டும் ஆரஞ்சு எண்ணெய் சவுக்காரத்துக்குப் போகாது. குனிந்து பொறுக்கிக்கொண்டே அம்மா கதை சொல்வார். கோணி கனக்கக் கனக்கக் கதையும் வேகம் பிடிக்கும்.

"அவரு கீழ நிக்கிறப்ப காலு பச்சையா இருக்கும். நடு ஒடம்பு மஞ்ச. தல நீலம். ஆனா பறக்கக் கெளம்பிட்டாருன்னு வையி..."

"எல்லாம் நீலமா ஆயிடும்."

"ஆயிடும். வானத்தோட வானமா போயிடுவாரு. ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

"எறங்குனா?"

"எறங்குனா புல்லு கலரு. அப்படியே படுத்துட்டாருன்னா மண்டோரு பக்கத்துலயே நடந்து போவான், கண்ணுக்குத் தெரியாது."

மண்டோர் என்றால் நம் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் ஆள். கதையில் மண்டோர், வெள்ளைக் கையுறை போட்ட வில்லன். பத்துப் பேரை அதட்டிக்கொண்டு, தான் ஒரு வேலையும் செய்யாமல் நின்றதால் அம்மா அவனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். சப்பாத்துக் கடையில் ஒரு பெண்ணும் உண்டு. அவள் தொரையின் தங்கச்சி. தங்கச்சிக்குக்கூட அண்ணன் பறப்பது தெரியாது. அண்ணன் ஏன் வேலைக்குத் தாமதமாக வருகிறான் என்று அவள் முறைப்பாள், அவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்த இடத்தில் அம்மாவும் கொஞ்சம் தலையைக் குனிவார்.

அம்மா இதையெல்லாம் பார்த்தது கிராணி வீட்டில். தோட்டக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டில் மட்டும்தான் அப்போது தொலைக்காட்சிப் பெட்டி. கார் பேட்டரியில் ஓடியது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று வெள்ளிக்கிழமை மாலை இந்த ஒரு தொடரை மட்டும் போட்டுவிட்டு அணைத்துவிடுவார்களாம். அம்மா தம் சிறுவயதில் வேறு எந்த நிகழ்ச்சியையும் பார்த்ததில்லை. பின்னால் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தபோது அது வண்ணப்பெட்டி.

"நானும் பாப்பாவும் ஒரே பாயில ஒக்காந்து பாப்போம்" என்பார். பாப்பா என்பது கிராணியின் மகள். அம்மாவின் வயதுதான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்று தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டார். பாப்பா படித்து, நம் பள்ளிக்கே வந்து நமக்கு டீச்சர் ஆனார். என் டீச்சரும் என் அம்மாவும் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள்! இதை வகுப்பில் சொல்ல என் நாக்கு துடிக்கும். அம்மா விடமாட்டார்.

"அதெல்லாம் போயி டீச்சருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத தம்பி. அவங்க இப்ப டீச்சரு."

அது பணிவு என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் படம் வந்தது. நம்மில் யாரும் திரையரங்குக்குப் போகவில்லை. பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், திருட்டு வட்டாக வந்து இறங்கியது. லோரிக்காரர் மகன் அதன் அட்டையைப் புத்தகத்துக்கு நடுவில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தான். நாம் எல்லாரும் அவன் மேசையைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்றோம். அட்டையில் கதாநாயகன் தலையிலிருந்து கால்வரை இரத்தச் சிவப்பு.

"டே, உங்கம்மா சொன்ன நீலம் எங்கடா? மஞ்ச எங்க? பச்ச எங்க?" என்றான். அதுவரை நான் தோட்டத்து மூலை முடுக்கெல்லாம் அம்மாவின் கதையைப் பரப்பி வைத்திருந்தேன்.

நான் அட்டையை வாங்கி ஊன்றிப் பார்த்தேன். கதாநாயகன் ஒரு மாடியின் விளிம்பில் நின்றார். அவருக்குப் பின்னால் சூரியன் விழுந்துகொண்டிருந்தது.

"பின்னாடி பாரு. வானம் செவப்பா இருக்கு. அதான் அவரும் செவப்பு" என்றேன்.

யாரும் பேசவில்லை. வகுப்புத் தலைவி அட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஆமால்ல" என்றாள். என் வாழ்க்கையில் பிற்பாடு எழுதிய எந்த ஆய்வுக் கட்டுரைக்கும் அப்படி ஒரு மௌனம் கிடைத்ததில்லை. லோரிக்காரர் மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. "படத்த நான் முழுசா பாத்துட்டேன்டா. எங்கயும் கலர் மாறல" என்றான். "நீ சரியா பாத்திருக்க மாட்ட" என்றேன். மாறுவேடப் போட்டியில் காட்டுகிறேன் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் அட்டை விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "புதுசா எடுக்கிறவனுக்கு என்ன தெரியும்? பழசப் பாத்தவங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்." அதைச் சொல்லும்போது அம்மாவின் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது. தோட்டத்தில் அம்மாவை யாரும் எதற்காகவும் கேட்டதில்லை. கூட்டுறவுக் கடையில் எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கும் எழுதத் தெரியாது, ஆனாலும் அப்பா ஆண். பறக்குற தொரை ஒன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று.

அங்கியை அம்மா கையாலேயே தைத்தார். நீலம், அப்பாவின் பழைய வேலைச் சட்டை. பச்சை, முன்னறைத் திரைத்துணி. மஞ்சளுக்குத்தான் திண்டாட்டம். அம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்தபோது கட்டிய மஞ்சள் சேலை பெட்டியில் இருந்தது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"சாமி காரியத்துக்குக் கட்டுனத வெட்டாதடி" என்றார் அப்பா.

"பிள்ளைக்குத்தான வெட்டுறேன். ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என்னைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சேலையைப் பற்றித்தான் வருத்தப்படுகிறார் என்று நான் எண்ணினேன்.

அங்கி வெறும் மூன்று பட்டையாக இருக்கவில்லை. அதில் வித்தை இருந்தது. குந்தி உட்கார்ந்தால் பச்சைத் துணி சரிந்து என்னை முழுக்க மூடும். எழுந்து நிற்கும்போது மஞ்சள் வெளியே வரும். கையை உயர்த்தினால் இரு மணிக்கட்டிலும் கட்டிய நீலத்துணி முகத்துக்கு மேலே கூடாரமாக எழும்பும். அம்மா எதிரே நின்று "புல்லு... நடு... வானம்" என்று சொல்லச் சொல்ல நான் முன்னறையில் பழகினேன். திரை இல்லாத சன்னல் வழியாகப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தபோது அம்மா சன்னலைச் சாத்தினார். "போட்டியில வந்து பாருங்கடா."

இனி உங்களுக்குத் தெரிந்த பாதி.

சிறுவர் தினத்தன்று டீச்சர்தான் ஒலிவாங்கியை வைத்திருந்தார். என்ன வேடம் என்று அவர் முன்கூட்டிக் கேட்டபோது நான் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். எனக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர், இறைச்சிக் குச்சி சுடும் ஒரு சத்தே வியாபாரி, ஒரு மருத்துவச்சி போனார்கள். அதற்கடுத்து லோரிக்காரர் மகன் போனான். கோலாலம்பூரில் வாங்கிய சிவப்பு உடை, முகமூடியோடு. மண்டபம் அதிர்ந்தது. டீச்சர் கதாநாயகனின் பெயரை ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினார்.

அடுத்து நான் ஏறினேன்.

டீச்சர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இருவர் ஒரே வேடத்தில் வருவார்கள் என்று அவர் எப்படி நினைப்பார்? பச்சை, மஞ்சள், நீலம், கையில் இறக்கை மாதிரி தொங்கும் துணி. அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, யாரு வந்திருக்கா பாருங்க. பஞ்சவர்ணக் கிளி!"

கை தட்டினீர்கள்.

"கிளி எப்படிக் கத்தும்? ஒருக்கா கத்திக் காட்டு பாப்போம்."

குந்த வேண்டும், எழ வேண்டும், கையை உயர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் டீச்சர் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். "கீ" என்றேன்.

"கேக்கலையே."

"கீ, கீ."

சிரிப்புக்கு நடுவே, பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டீச்சர், அது கிளி இல்ல."

அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கைச் சட்டை, தலைத்துணி. நாற்காலிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி முன்னால் வந்தார். அவர் கடந்த இடத்திலெல்லாம் முழங்கால்கள் விலகின.

"கிளி இல்ல டீச்சர். பறக்குற தொரை."

லோரிக்காரர் மனைவி இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "அக்கா, தொரை அந்தா நிக்கிறாரு பாருங்க, செவப்பா."

அம்மா லோரிக்காரர் மகனைப் பார்த்தார். "இல்லம்மா, அது புதுசு. இவருதான் பழையவரு. இவரு கலர் மாறுவாரு. புல்லுல எறங்குனா பச்ச..." என்று கையை இறக்கிக் காட்டினார். மண்டபத்தில் சிரிப்பு பெரிதாயிற்று. அம்மா இன்னும் வேகமாக, இன்னும் உரக்கச் சொன்னார். கை மேலே போயிற்று, கீழே வந்தது. நான் மேடையில் நின்று அந்தப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. தரை என்னை விழுங்கினால் நல்லது என்று அப்போதுதான் முதன்முதலில் நினைத்தேன்.

சிரிப்பு அடங்காததைக் கண்டு அம்மா கடைசி ஆளிடம் திரும்பினார்.

"பாப்பா, ஒனக்குத் தெரியும்ல. நீ சொல்லு."

நம் டீச்சரை யாரும் பாப்பா என்று கூப்பிட்டு நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். டீச்சர் விழித்தார். பிறகு அவர் கண்ணில் எதுவோ ஏறியது. ஒலிவாங்கியை அணைக்காமலே மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"அய்யோ, ஆமா! எங்க வீட்டு டிவி! அக்கா, அது பிளாஸ்டிக் தாளு. எங்க பெட்டி கறுப்பு வெள்ளதான். அப்பா கிள்ளான்ல ஒரு கலர் தாளு வாங்கியாந்து கண்ணாடி மேல ஒட்டுனாரு. மேல நீலம், நடுவுல மஞ்ச, கீழ பச்ச. கலர் டிவி மாதிரி இருக்கும்னு. யாரு வந்து நின்னாலும் தல நீலமாத்தான் தெரியும்." அவர் அன்போடு சிரித்தார். அதுதான் கொடுமை. "நீங்கல்லாம் வெளிய ஜன்னல்ல தொங்கிக்கிட்டுப் பாப்பீங்க. மழை பேஞ்சா கோணியப் போத்திக்கிட்டு நிப்பீங்க. எங்கம்மா வெரட்டுவாங்க, திரும்பி வந்துருவீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு அக்கா. எவ்ளோ ஆசையா பாப்பீங்க."

ஒலிபெருக்கி அதைக் கோயில்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

அம்மாவின் கை பாதி உயரத்தில் நின்றிருந்தது. அதை மெல்ல இறக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தாளா" என்றார்.

"ஆமாக்கா. பிளாஸ்டிக் தாளு."

"சரிங்க டீச்சர்." அம்மா என்னைப் பார்க்காமல் டீச்சரின் காலடியைப் பார்த்தார். "அப்ப கிளின்னே வச்சிக்குங்க."

கிளிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. தண்ணீர்ப் போத்தல். பின்னால் அது எப்போது, எங்கே தொலைந்தது என்று நினைவில்லை. அங்கியும் அப்படித்தான். மஞ்சள் துண்டு கொஞ்ச நாள் அடுப்படியில் சூட்டுத்துணியாகக் கிடந்தது. அதற்கப்புறம் காணவில்லை.

டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது இனிய நினைவு. சாளரத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அந்த மாலைகள் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு மரியாதையான வேடம் ஒன்றைக் கொடுத்து, ஒரு பெண்ணின் குழப்பத்தையும் தீர்த்துவிட்டதாக அவர் நினைத்திருப்பார். பரிசு கொடுத்தபோது என் கன்னத்தைக் கிள்ளினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அங்கியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமலே பதில் வந்தது. செம்மண் பாதை திரும்பும் இடத்தில் அம்மா நிற்காமல், திரும்பாமல் சொன்னார்:

"ஒரு தடவ உள்ள கூப்பிட்டாங்க. பாயிலதான் ஒக்கார வச்சாங்க. ஒரே ஒரு தடவ. அன்னைக்குப் பேட்டரி இல்ல, பொட்டி ஓடல."

சாயங்காலம் அப்பாவுக்குச் செய்தி முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவும் அந்தச் சன்னலில் தொங்கியவர்தான். "தாளு ஒட்டுன டிவின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரிக்கத் தொடங்கி, அம்மா அரிசி களைவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"தெரிஞ்சா சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்றார் அம்மா.

"நீ சந்தோசமா சொல்லிக்கிட்டு இருந்த. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அப்பா விட்டு வைத்திருந்தார். அன்பில்தான். அந்த அன்பு அம்மாவை ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது.

அடுத்த விடுமுறையில் பழம் பொறுக்கும்போது, "பறக்குற தொரை கதை சொல்லும்மா" என்றேன்.

"நீயே பாத்துக்கய்யா. அதான் சீடியில வருதே."

பார்த்தேன். லோரிக்காரர் வீட்டு முன்னறையில், உங்களில் சிலரோடு. படத்தில் கதாநாயகன் தொடக்கம் முதல் முடிவுவரை சிவப்பாகவே இருந்தார். புல்லில் இறங்கியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிவப்பாகவே எழுந்தார். கடைசியில் சப்பாத்துக் கடைப் பெண்ணின் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். நீங்கள் விசிலடித்தீர்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தங்கச்சியைப் போய் இப்படி! அது தங்கச்சி இல்லை என்பதும், அம்மாவுக்கு ஒரு வார்த்தை ஆங்கிலமும் புரிந்திருக்காது என்பதும், சன்னலுக்கு வெளியே சத்தமே சரியாகக் கேட்டிருக்காது என்பதும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின. வெறும் முகங்களையும் கைகளையும் பார்த்து, பாதி மழையில் நின்றுகொண்டு, அம்மா ஒரு முழுக் கதை கட்டியிருந்தார். அந்த வயதில் எனக்கு அது பெருமையாகத் தோன்றவில்லை. ஏமாற்றப்பட்டதாகத் தோன்றியது.

அதற்குப் பின் அம்மா மாறியதை நான் கவனிக்கவே பல வருடங்கள் ஆயின. ஒரே நாளில் மாறியிருந்தால் தெரிந்திருக்கும். இடைநிலைப் பள்ளியில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று கேட்டால், "எனக்கு என்னய்யா தெரியும்." பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது எதை எடுத்து வைப்பது என்றால், "நீ படிச்சவன், ஒனக்குத் தெரியும்." சாம்பாரில் உப்பு போதுமா என்றால்கூட, "நீ சொல்லு." ஊரார் இதை அடக்கம் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று மாலை போட்டபோது, "அம்மா ஒரு வார்த்தை பேசுங்க" என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்.

போன வருடம் மருத்துவமனையில், "எங்க வலிக்குதும்மா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வலி அவருடைய முதுகில். அதற்கும் நான் பதில் சொல்ல வேண்டும். டாக்டர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் கொஞ்சம் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய படத்துக்கு அம்மாவையும் அழைத்துப் போவோம் என்று சொன்னவள் என் மனைவி. அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஞாயிறு மதியம், ரவாங் பேரங்காடியின் மேல்மாடி. அப்பா வரவில்லை, குளிர் ஒத்துக்காது என்றார். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மின்தூக்கியிலிருந்து இருக்கை வரை ஒவ்வொரு திருப்பத்திலும், இங்கேதானா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

லோரிக்காரர் மகனே, நீ சொன்னது சரிதான். படம் இருட்டு. கதாநாயகன் எப்போதும் மழையில் நிற்கிறார். சிவப்பு கறுத்து, எந்தச் சாயம் என்றே சொல்ல முடியாமல் இருக்கிறது. வகுப்புத் தலைவியே, நீ சொன்னதும் சரி. நம் காலத்துப் படத்தில் அவருக்கு உடம்பு மட்டும்தான் இருந்தது. இதில் பறப்பதற்கு முன் பயப்படுகிறார். கையுறைக்காரனுக்கும் ஒரு பாழான பிள்ளைப் பருவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அது தேவையா என்று எனக்குச் சந்தேகம். பழைய தொடரை நான் பிற்பாடு இணையத்தில் தேடிப் பார்த்தேன், சுத்தமான படியில். அதில் அவர் வெளிர்ச் சாம்பல். பறக்கும்போது முதுகில் கம்பி தெரிகிறது. அடிக்கடி சிரிக்கிறார். இந்த மூன்றில் எது உசத்தி என்று பக்கம் பக்கமாக என்னால் எழுத முடியும். எழுதினால் உங்களில் சிலர் ஒத்துக்கொள்ளவும் செய்வீர்கள்.

ஆனால் புதிய படத்தில் சப்பாத்துக் கடைப் பெண் செத்துப்போகிறாள். அந்த இடத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், தோள் அசையாமல். செத்தது அவருக்குத் தங்கச்சியா, காதலியா? கேட்கலாம் என்று குனிந்தேன். அம்மா அவசரமாக முந்தானையை இறக்கி, கையைப் பைக்கு மேல் வைத்துக்கொண்டார். தவறான இடத்தில் அழுதுவிட்டவரைப் போல.

வெளியே வந்து காரில் ஏறியதும் என் மனைவி பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"அத்தை, படம் எப்படி?"

"அவனக் கேளும்மா."

"அவர நான் தெனமும்தான் கேக்கிறேன் அத்தை. கேட்டுக் கேட்டு காது வலிக்குது. நீங்க சொல்லுங்க."

நான் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் அம்மாவின் கண்கள் என்னைத் தேடின. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தில் எதையும் படிக்கக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். "சொல்லும்மா" என்றேன். "நீதான் முதல்ல பாத்தவ. எங்க எல்லாருக்கும் முந்தி."

பின்னிருக்கையில் கைப்பையின் கொக்கி திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது.

"நல்லா இருந்துச்சுய்யா" என்றார் அம்மா. "நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

நான் அம்மாவிடம் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.